பிழையோடு எழுதிய மனுவையும் வாங்கிக்கொள்ளுங்கள்

நீலகிரி மாவட்டத்தில் பொதுமக்களிடம் மனு வாங்கும் அலுவலர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

கோத்தகிரிப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளுக்குப் பின்னால், மேலே போகும் ரோட்டைத் தாங்கி நிற்கும் தடுப்புச் சுவரைப் பற்றி உங்களில் சிலருக்குத் தெரியும். பழைய மனுக்கள் உங்கள் கோப்பில் இருக்கும். அந்தக் கதையை முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. சென்ற மாதம் நான் கொண்டுவந்த மனு வாங்கப்படாமல் போனதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

‘சுவற்றில் விரிசல் விட்டிருக்கிறது’ என்று எழுதியிருந்தேன். மேசையில் இருந்தவர் அந்த வரியிலேயே நின்றுவிட்டார். ‘சுவரில்’ என்றுதான் எழுத வேண்டும் என்றார். சரி, இலக்கணப்படி அப்படித்தான். ஆனால் அப்புறம் சிவப்புப் பேனாவை எடுத்தார். ‘மன் சரிவு’க்கு ஒரு வட்டம், ‘வீட்டுக்குப் பின்னாள்’ என்பதற்கு ஒரு வட்டம், ஒற்று விட்டுப்போன இடத்தில் எல்லாம் ஒரு கோடு. ஒவ்வொன்றையும் பக்கத்து மேசைக்குக் கேட்கும்படி வாசித்தார். வரிசையில் எனக்குப் பின்னால் எங்கள் தோட்டத்து ஆட்களே நின்றிருந்தார்கள். கடைசியில் தாளை என் கையில் கொடுத்து, “எழுதத் தெரிந்தவரை வைத்து எழுதிக்கொண்டு வாம்மா” என்றார். விரிசல் எவ்வளவு நீளம், எந்த வீட்டுக்கு ஆபத்து, குழந்தைகள் எங்கே படுக்கிறார்கள் என்று ஒரு கேள்வி இல்லை. ரசீதும் இல்லை.

ஐயா, அம்மா, பணிவோடு கேட்கிறேன். எழுத்துப்பிழைக்காக யாருடைய மனுவையும் திருப்பி அனுப்பாதீர்கள்.

ர எங்கே வரும், ற எங்கே வரும், ல, ள, ழ எங்கே வரும் என்பது எனக்கு இன்றுவரை தடுமாற்றம்தான். பேசும்போது எங்கள் வாயில் ர, ற இரண்டும் ஒன்றாகத்தான் ஒலிக்கின்றன. ந, ன இரண்டும் அப்படியே. காது பிரித்துச் சொல்லாததைக் கைதான் நினைவு வைத்து எழுத வேண்டும். அந்த நினைவு படிக்கிற வயதில் எழுதி எழுதி வருவது. எனக்கு எட்டாவதோடு பள்ளி நின்றது. அதற்குப் பிறகு கொழுந்துக் கூடைதான். கைபேசியில் தட்டினால் அது நான்கு சொல்லை எடுத்துக் கொடுக்கிறது. அதில் எது சரி என்று நான்தானே தேர்ந்தெடுக்க வேண்டும்?

பிழை வரும் என்று பயந்தால் என்ன ஆகும் தெரியுமா? தெரிந்த சொல்லாகத் தேடித் தேடி எழுதுவோம். சந்தேகமான சொல்லை விட்டுவிடுவோம். சொல்லோடு சேர்ந்து விஷயமும் போய்விடும். அந்தச் சுவருக்கு அடியில் புதிதாகத் தண்ணீர் ஊற ஆரம்பித்திருக்கிறது. ‘ஊற்று’ என்று எழுதுவதா, ‘ஊத்து’ என்பதா என்று குழம்பி, அந்த வரியையே நான் மனுவில் எழுதவில்லை. மண் சரிவதற்கு முன் தெரியும் அடையாளங்களில் புதிய நீர்க்கசிவும் ஒன்று என்று உங்களுக்கே தெரியும். உங்கள் கண்ணில் முதலில் பட வேண்டிய செய்தி, சிவப்புப் பேனாவுக்குப் பயந்து தாளுக்கு வரவே இல்லை.

என் அப்பாவின் குடும்பம் இந்தியாவும் இலங்கையும் 1964இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பி வந்தது. அப்பா படித்தது அங்கே தோட்டப் பள்ளியில். அவர் எழுதும் ‘லை’, ‘னை’ எல்லாம் யானைத் துதிக்கை மாதிரி வளைவு போட்ட பழைய எழுத்து. 1978இல் அரசாணை வந்து மாற்றும்வரை தமிழ்நாட்டிலும் அதுதானே சரியான எழுத்து? அவருடைய மனுவையும் ஒருமுறை “என்ன எழுத்து இது” என்று கேட்டுத் தள்ளிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர் எந்த அலுவலகத்துக்கும் எழுதவில்லை.

தமிழே வீட்டு மொழியான எங்களுக்கு இந்த நிலை. படுகர், தோடர், கோத்தர், இருளர், குறும்பர், பணியர் வீடுகளில் பேசுவது வேறு மொழி. அவர்கள் பள்ளியில் கற்ற தமிழில் எழுதிக்கொண்டு வருகிறார்கள். அவர்கள் தாளிலும் வட்டம் போட்டுத்தான் அனுப்புவீர்களா?

வெளியே மனு எழுதித் தருபவர்கள் இருக்கிறார்கள். பணம் கொடுத்தால் பிழை இருக்காது. ஆனால் அவர்கள் எங்கள் சுவரைப் பார்த்ததில்லை. எல்லோருக்கும் எழுதும் அதே வரிகளைத்தான் எனக்கும் எழுதித் தருவார்கள்.

2005 தகவல் அறியும் உரிமைச் சட்டம், எழுத முடியாதவர் வாயால் சொன்னால் அதை எழுத்தில் கொண்டுவரப் பொதுத் தகவல் அலுவலரே உதவ வேண்டும் என்கிறது. காவல் நிலையத்தில் வாயால் சொல்லும் புகாரையும் எழுதிக்கொண்டு படித்துக் காட்ட வேண்டும் என்பது சட்டம். எழுதவே தெரியாதவருக்கு இவ்வளவு இருக்கும்போது, தட்டுத் தடுமாறி எழுதி வந்தவளைத் திருப்பி அனுப்ப எந்த விதி இருக்கிறது? 1956இல் தமிழை ஆட்சிமொழியாக்கிச் சட்டம் போட்டது பண்டிதர்கள் மட்டும் அரசுக்கு எழுதுவதற்காகவா? 2020இல் 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துகளை மாற்றி அரசாணை வந்தது. பலரும் குறை சொன்னதும் சில நாட்களில் திரும்பப் பெற்றார்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை. எழுதியதைத் திருத்திக்கொள்ள அரசுக்கு இருக்கும் இடம் எங்களுக்கும் இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

கோபத்தில் கொஞ்சம் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த மடலை என் அக்கா மகள் பிழை திருத்திக் கொடுத்திருக்கிறாள். அவள் கோவையில் கல்லூரியில் படிக்கிறாள். ஒவ்வொரு திங்கட்கிழமையும் குறைதீர்க்கும் நாளுக்கு என்னோடு வர அவளால் முடியாது.

நான் கேட்பது இதுதான். மனுவை வாங்குங்கள். புரியாத இடத்தில் வாய்விட்டுக் கேளுங்கள், சொல்கிறோம், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். ரசீது கொடுங்கள். அதற்குப் பிறகு ‘சுவரில்’ என்று சொல்லிக் கொடுத்தால் நன்றியோடு கற்றுக்கொள்வேன்.

அந்தச் சுவரை, முக்கியமாக அதன் அடியில் ஊறும் தண்ணீரை, ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு பொறியாளர் வந்து பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். 2009 நவம்பரில் இந்த மாவட்டத்தில் மண் சரிந்து என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வருகிற திங்கட்கிழமை அதே மனுவோடு வருகிறேன். தயவுசெய்து வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தேயிலைத் தோட்டத் தொழிலாளி ஒருத்தி,
கோத்தகிரி வட்டம்