தாளத்தை முதலில் படி, அம்மிணி

அன்புள்ள அம்மிணிக்கு,

"ஸ்டாஃப் நொட்டேஷன் எனக்கு வராதுங்க சித்தப்பா, டேப் பார்த்தே வாசிச்சுக்கறேன்" என்று நீ சொன்னதிலிருந்து இதை எழுத வேண்டும் என்று இருந்தேன். புதிதாக மாண்டலின் வாங்கி, ஸ்டாஃப் நொட்டேஷனின் ஐந்து கோட்டைப் பார்த்ததும் மிரண்டு போகிறவர்கள் உன்னைப் போல நம் பக்கத்தில் இன்னும் சிலர் இருப்பார்கள். அதனால் எல்லோரும் படிக்கிற மாதிரியே எழுதிவிடுகிறேன்.

டேப், அதாவது விரல் வைக்கும் இடத்தை எண்ணால் காட்டும் டேப்லேச்சர், ஒன்றும் தப்பில்லை. நாலு கோடு, நாலு ஜோடித் தந்தி, கோட்டின் மேல் இருக்கிற எண்தான் ஃப்ரெட், அதாவது மாண்டலின் கழுத்தில் பதித்த கம்பிகளில் எத்தனையாவது என்பது. விரலை எங்கே வைப்பது என்று சட்டென்று தெரிந்துவிடும். ஆனால் நீ இறக்கி வைத்திருக்கிற டேப்களில் எவ்வளவு நேரம் வாசிப்பது என்பதே இல்லை. தெரிந்த பாட்டு என்றால் காது காப்பாற்றிவிடும். தெரியாத பாட்டாக இருந்தால், எண் எல்லாம் சரியாக வாசித்தும் பாட்டு வராது. நீ அனுப்பிய பதிவில் சுரத்தில் ஒரு குறையும் இல்லை. காலப்பிரமாணம்தான் நிற்கவில்லை.

அதனால் சுரத்தையும் தாளத்தையும் சேர்த்துப் படிக்காதே. முதலில் தாளம் மட்டும். மாண்டலின் பெட்டியிலேயே இருக்கட்டும்.

நீ சின்ன வயதில் சரளி வரிசை பாடியவள். அந்தப் புத்தகத்தில் சுரத்துக்கு மேலே ஒரு கோடு போட்டிருந்தால் வேகத்தை இரட்டிப்பாய், இரண்டு கோடு என்றால் நாலு மடங்கு. இங்கேயும் கிட்டத்தட்ட அதேதான். கறுப்புத் தலையும் காம்பும் உள்ளது கிராட்செட், அது ஒரு தட்டு. அமெரிக்கப் புத்தகங்களில் இதையே குவார்ட்டர் நோட் என்று போட்டிருப்பார்கள், குழம்பாதே. இரண்டு காம்புகளை ஒரு பட்டைக் கோட்டால் சேர்த்தால் குவேவர், ஒரு தட்டுக்குள் இரண்டு. பட்டை இரண்டானால் செமிகுவேவர், ஒரு தட்டுக்குள் நாலு, தகதிமி. தலை வெள்ளையாக இருந்தால் மினிம், இரண்டு தட்டு. சரளி வரிசையில் காற்புள்ளி போட்டு நீட்டுவோமே, அந்த வேலையை இங்கே தலையின் நிறமே செய்துவிடுகிறது.

4/4, அதாவது நாலு கிராட்செட் அளவு, என்று போட்ட ஒரு பாரை (இரண்டு செங்குத்துக் கோட்டுக்கு நடுவில் உள்ள பகுதி) எடுத்துக்கொள். ஒரு கிராட்செட், இரண்டு குவேவர், ஒரு கிராட்செட் ரெஸ்ட் (ஒரு தட்டு மௌனம்), மறுபடி இரண்டு குவேவர். தொடையில் நாலு தட்டு சீராகப் போட்டுக்கொண்டு வாயால் சொல்: தா, தக, சும்மா இரு, தக. மூன்றாவது தட்டில் வாய் மூடியிருக்க வேண்டும், கை நிற்கக் கூடாது. புதிதாகப் படிக்கிறவர்கள் தடுக்குவது அந்த இடத்தில்தான். சத்தம் இல்லை என்றதும் அவசரமாகத் தாண்டிவிடுவார்கள். ரெஸ்ட்டுக்கு முழுசாக ஒரு தட்டு உண்டு, அதில் துளியும் குறைக்காதே.

வாயில் வந்த பிறகு மாண்டலினை எடு. விரலே வைக்காமல் ஏ தந்தியை (மெல்லிய பக்கத்திலிருந்து இரண்டாவது ஜோடி) மட்டும் அடி. தட்டு விழும் இடத்தில் பிக் (தந்தியை மீட்டும் சில்லு) கீழே, தட்டுக்கு நடுவில் வருவது மேலே. அப்படியென்றால் முதலில் ஒரு கீழ், அப்புறம் கீழ்-மேல். மூன்றாவதில் கை தந்தியைத் தொடாமல் காற்றிலேயே கீழே போய் மேலே வரட்டும். கடைசியில் மறுபடி கீழ்-மேல். மணிக்கட்டு ஓயாமல் ஆடிக்கொண்டே இருந்தால் தாளம் கையிலேயே நின்றுவிடும், தலைக்குள் எண்ண வேண்டியதில்லை.

6/8 பார்த்துப் பயந்ததாகச் சொன்னாய். நோம்பிக்கு வள்ளி கும்மி ஆடின பிள்ளைக்கு அது புதிதா என்ன! மூன்று மூன்றாக நடக்கிற கும்மிப் பாட்டு ஒன்றைப் பாடிக்கொண்டே கைகொட்டிப் பார். தகிட, தகிட. தாளில் அது ஆறு குவேவர், மும்மூன்றாகப் பட்டை கட்டியிருக்கும். எண்ணிக்கை ஆறானாலும் அடி இரண்டுதான். பிக் மட்டும் மாறும்: கீழ்-மேல்-கீழ், கீழ்-மேல்-கீழ். ஐரிஷ் ஜிக் என்கிற நடன இசை வாசிக்கிறவர்கள் பலரும் இப்படித்தான் அடிக்கிறார்கள். அடுத்தடுத்து இரண்டு கீழ் வருவது முதலில் இடறும். விட்டுவிடாதே, கும்மியில் காலை ஊன்றுகிற அழுத்தம் அந்த இரண்டாவது கீழில்தான் கிடைக்கிறது.

மெட்ரோனோமை, அதாவது சீராகத் தட்டிக் காட்டும் கருவியை, நிமிடத்துக்கு 60 தட்டில் வை. பக்கத்து வீட்டுத் தறி ஓடும் நேரம் வேண்டாம், அதன் வேகம் வேறு, காது அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடும்.

மினிம் வந்தால் ஒலி பாதியிலேயே தேய்கிறது என்றாய் அல்லவா? மாண்டலின் ஸ்ரீனிவாஸ் வாசித்துச் சுரம் நீண்டு வளைந்து போவதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அவர் வாசித்தது ஐந்து ஒற்றைத் தந்தி கொண்ட எலக்ட்ரிக் மாண்டலின். உன்னுடையது எட்டுத் தந்தி, ஜோடி ஜோடியாக. அதில் நீட்டுவதற்கு ட்ரெமலோ, அதாவது பிக்கால் கீழும் மேலுமாக விடாமல் வேகமாக அடிப்பது, இருக்கிறது, ஆனால் இப்போது வேண்டாம். ஒரு முறை அடித்துவிட்டு இரண்டு எண்ணு, போதும்.

சுரம் படிப்பது நீ நினைப்பதை விடச் சுலபம். திறந்த தந்தி நாலும் எங்கே உட்காருகின்றன என்று மட்டும் பார்த்து வை. ஐந்து கோட்டுக்கும் கீழே இரண்டு சின்னக் கோடு, அதற்கும் அடியில் ஜி. அடிக்கோட்டை ஒட்டி அதன் கீழே டி. கீழிருந்து இரண்டாவது இடைவெளி ஏ. எல்லாவற்றுக்கும் மேல் இடைவெளி ஈ. மற்ற சுரமெல்லாம் இவற்றிலிருந்து எண்ணிப் போய்ச் சேரலாம். ஒவ்வொரு தந்தியின் ஏழாவது ஃப்ரெட்டும் அடுத்த தந்தியின் திறந்த சுரம்தான், அதை வைத்துச் சரிபார்த்துக்கொள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் உனக்குப் பிடித்த கும்மியில் நாலு பார் மட்டும் உன் கையால் எழுதி, படம் எடுத்து அனுப்பு. சுரம் வேண்டாம், தாளம் போதும். நான் அதைப் பார்த்துத் தட்டிப் பதிவு பண்ணி அனுப்புகிறேன். நீ நினைத்த பாட்டு அதில் கேட்கிறதா என்று சொல்.

அன்புடன்,
சித்தப்பா