கோமதிக்கு: பதினான்கு தலைகளின் கணக்கு

அன்புள்ள கோமதி,

முதலில் நல்ல செய்தி. மகளுக்குப் பெண் குழந்தை. தாயும் சேயும் நலம். மூக்கு எங்கள் வீட்டு மூக்கு, அதற்கு யாராலும் எதுவும் செய்ய முடியாது. உன் முழங்கால் எப்படி இருக்கிறது என்று பதிலில் எழுது.

பேத்தி பிறந்து ஏழு வாரமாகிறது. இவ்வளவு தாமதமாகவா சொல்வது என்று நீ கத்துவது எனக்குக் கேட்கிறது. பேத்தியைப் பற்றிச் சொன்னால் பவளத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இரண்டும் ஒரே பத்து நாளில் நடந்தவை. பாதிச் செய்தியை மட்டும் எழுதி மீதியை ஒளித்துவைக்க எனக்கு வராது. அதனால் முழுவதையும் ஒளித்துவைத்தேன். நீ ஒன்பது வருடத்துக்கு முன் ஊறுகாய்ப் புட்டியில் போட்டுக் கொடுத்த அந்தச் சுத்தியல் பவளத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது.

கணக்கு இதுதான். நீ கொடுத்தபோது இரண்டு தலை, காம்புக்கு ஓர் உயிர். நான் ஊருக்குக் கிளம்பியபோது பதினான்கு. இப்போது காம்பின்மேல் உட்கார்ந்திருப்பவை ஆறு. அவையும் அரை மனதாகத்தான் விரிகின்றன.

நடந்ததைக் கேள். என் கடல்நீர்த் தொட்டி 200 லிட்டர். ஒரு நாளைக்கு இரண்டரை லிட்டர் ஆவியாகும். ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். ஆகவே குறைந்த அளவுக்கு ஆர்.ஓ. தண்ணீரை ஊற்ற வேண்டும். இதெல்லாம் எனக்கு நீ சொல்லிக்கொடுத்தது. பத்து நாளும் ஊற்றும் பொறுப்பைத் தம்பியிடம் ஒப்படைத்தேன். வீட்டில் இரண்டு கேன்கள். ஒன்றில் ஆர்.ஓ. தண்ணீர், இன்னொன்றில் தண்ணீர் மாற்றுவதற்காகக் கலக்கி வைத்த உப்புநீர். இரண்டும் ஒரே நிறம், ஒரே உயரம், ஒரே மூடி. தம்பி மிகவும் பொறுப்பாக, கோடு தவறாமல், ஒரு நாள்கூட மறக்காமல் தினமும் உப்புநீரை ஊற்றியிருக்கிறான்.

25 லிட்டர் உப்புநீர். லிட்டருக்கு 35 கிராம் வீதம் ஏறத்தாழ 875 கிராம் உப்பு கூடுதலாகத் தொட்டிக்குள் போயிருக்கிறது. திரும்பி வந்து, உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்தேன். ஆயிரத்துக்கு 35 இருக்க வேண்டிய இடத்தில் 39-ஐத் தாண்டி நின்றது. கருவிதான் பொய் சொல்கிறது என்று நினைத்து 35 அளவுத் திரவத்தை வைத்துச் சரிபார்த்தேன். (வெறும் தண்ணீரை வைத்துப் பூஜ்யத்தில் சரிபார்த்துத் திருப்திப்பட்டுக்கொள்ளும் உன் பழக்கத்தை இன்னும் விடவில்லை என்றால் இப்போதாவது விடு.) கருவி சரியாக இருந்தது.

தம்பியை நான் பேசிய பேச்சு இருக்கிறதே, அதை இங்கே எழுத மாட்டேன். ஐம்பத்தெட்டு வயது ஆள். கையில் குவளையோடு நின்றுகொண்டிருந்தான். ஒன்றும் திருப்பிச் சொல்லவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

இப்போது கவனி, கோமதி. பவளத்தைக் கொன்றது தம்பி ஊற்றிய உப்பு இல்லை. அவன் போன பிறகு நான் செய்த காரியம்தான்.

நான் பார்த்த அன்று பதினான்கு தலைகளும் சற்றே சுருங்கியிருந்தன, ஆனால் எல்லாம் உயிரோடுதான் இருந்தன. எனக்கு ஆத்திரம், பதற்றம். 22 லிட்டர் தொட்டி நீரை எடுத்துக் கொட்டிவிட்டு, அதே அளவு ஆர்.ஓ. தண்ணீரை இரண்டு மணி நேரத்தில் ஊற்றி, உப்பளவை 35-க்குக் கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் பெருமையாகத் தூங்கப் போனேன். பவளத்துக்கு நம்மைப் போலச் சிறுநீரகம் கிடையாது. மீனைப் போல உள்ளே ஓர் உப்பளவை வைத்துக்கொண்டு வெளியே வேறோர் உப்பளவைத் தாங்கும் வித்தையும் தெரியாது. சுற்றியுள்ள நீர் எப்படியோ அதன் உயிரணுவும் அப்படி. நீர் மெல்ல உப்பேறினால், அணுக்கள் தங்களுக்குள் அமினோ அமிலம் போன்ற சின்னச் சின்னப் பொருள்களைக் கூட்டிக்கொண்டு ஈடுகொடுக்கும். பத்து நாளாக அந்த வேலையைத்தான் செய்திருக்கின்றன. அப்படிப் பழகிக்கொண்டிருந்த அணுக்களுக்குள் நான் இரண்டு மணி நேரத்தில் தண்ணீரைப் பாயவிட்டேன். ஒரு நாளைக்கு ஒரு புள்ளி வீதம் நான்கைந்து நாளில் இறக்கியிருக்க வேண்டும். 'கையைக் கட்டிக்கொண்டு உட்கார்' என்று நீ சொல்வாயே, அதை ஒன்பது வருடம் கேட்டு, தேவைப்பட்ட அந்த ஒரு நாள் மட்டும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் காலை விளக்கைப் போட்டபோது ஒரு தலை மிதந்து வந்தது.

நான் முதலில் அதை ஏதோ கடற்சாமந்தி என்று நினைத்தேன். உள்ளங்கை அளவுச் சதை, நுனியில் சுத்தியல் வடிவம் கொண்ட உணரிழைகள், நடுவில் வாய், அடியில் ஒன்றுமே இல்லை. கூடு இல்லை. காம்பைப் பார்த்தால் சுண்ணக்கூடு வெள்ளை வெளேரென்று, தட்டுத்தட்டான அதன் தடுப்புகள் எல்லாம் தெரிய, துடைத்துவைத்த பாத்திரம் போல நிற்கிறது. ஒன்பது வருடமாகத் தான் கட்டிய வீட்டை விட்டு, ஒரு துளிச் சதையையும் மிச்சம் வைக்காமல் கிளம்பியிருக்கிறது. வாடகைப் பாக்கி இருக்கும் ஆள்கூட இவ்வளவு சுத்தமாகக் காலி செய்ய மாட்டான். வாரத்துக்குள் மேலும் நான்கு தலைகள் அப்படியே கிளம்பின.

இதற்கு ஆங்கிலத்தில் 'பாலிப் பெயில்-அவுட்' என்று பெயர். நாம் தலை என்கிறோமே, அதுதான் பாலிப். விழப்போகும் விமானத்திலிருந்து குதிப்பதற்குச் சொல்லும் அதே சொல். 1982-இல் சம்மார்கோ என்பவர் செரியாடோபோரா என்ற பவளத்தில் இதைப் பார்த்து விவரித்தார். நெருக்கடி வந்தால் பாலிப்புகள் கூட்டை உதறிவிட்டுப் போகும், பிழைத்தால் வேறு இடத்தில் ஒட்டிப் புதிய கூட்டைத் தொடங்கும் என்றார். சதையையும் கூட்டையும் சேர்த்துப் பிடித்திருப்பவை டெஸ்மோசைட் என்ற அணுக்கள், நங்கூரம் மாதிரி. அந்த நங்கூரம் அவிழ்ந்தால்தான் இப்படிக் கிளம்ப முடியும். நமக்குக் 'கண்ணாடி சார்' பவளப் பாடத்தை ஒன்றரை வகுப்பில் முடித்தாரே, அதில் இது இருந்ததா? எனக்கு அவர் கண்ணாடியைத் துடைத்தது மட்டும்தான் நினைவிருக்கிறது.

என் நெஞ்சில் தைத்தது இன்னொன்று. 2016-இல் ஒரு குழு பவளப் பாலிப்பை நுண்ணோக்கியில் உயிரோடு பார்க்க விரும்பியது. போசிலோபோரா பவளத்திலிருந்து தனித்தனிப் பாலிப்புகளைப் பிரித்தெடுக்க அவர்கள் கையாண்ட வழி என்ன தெரியுமா? நீரின் உப்பை மெல்ல மெல்ல ஏற்றினார்கள். தம்பி ஊற்றியதை அவர்கள் வேண்டுமென்றே செய்தார்கள். இதைப் படித்ததும், 'அப்படியானால் தம்பி மேல்தான் தப்பு' என்று ஓர் அற்ப மகிழ்ச்சி வந்தது. அரை மணி நேரம் இருந்தது. என் தொட்டியில் உப்பு ஏறிக்கொண்டிருந்தவரை எதுவும் கிளம்பவில்லை, நான் இறக்கிய பிறகுதான் கிளம்பின என்ற கணக்கு மீண்டும் கண்முன் வந்து நின்றது.

மீதி மூன்று தலைகளின் கதை சுருக்கம். பழுப்புக் கூழ் நோய், சதையே கூழாகிவிடும். நீயும் பார்த்திருக்கிறாய், அந்த நாற்றம் மறக்காது. நுண்ணோக்கியில் வைத்தால் கூழுக்குள் குற்றிழை உயிரிகள் நெளிந்துகொண்டிருக்கும். இரவோடு இரவாகக் காம்போடு வெட்டி எடுத்தேன். கிளை வகையாக இருந்ததால் பிழைத்தேன். நம் வகையில் ஒவ்வொரு தலையின் சதையும் தன் காம்பின் நுனியோடு நின்றுவிடும், கீழே வெறும் சுண்ணாம்பு; எனவே ஒன்றின் நோய் மற்றதற்குச் சதை வழியாகப் போகாது. சுவர் வகையாக இருந்திருந்தால் ஒரே தொடர்ச்சியான சதை, ஒரு மூலையில் பிடித்தால் மறு மூலை வரை தின்றிருக்கும். இனி யாராவது சுவர் வகை அழகாக இருக்கிறதே என்று சொன்னால் அவர்களிடம் இந்தப் பத்தியைக் காட்டு. வெட்டிய கருவியையும் கையையும் ஆறு முறை கழுவினேன், ஆறிலும் திருப்தியில்லை.

ராஜம் போன வாரம் வந்திருந்தாள். காலிக் காம்புகளைப் பார்த்துவிட்டு, 'அடடா, செடி பட்டுப்போய்விட்டதே' என்றாள். முப்பது வருடமாக அவளுக்குப் பவளம் என்றால் செடிதான்! இந்த முறை எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெய்சோனல் கதையை எடுத்து விட்டேன். 1720-களில், மார்சேயைச் சேர்ந்த அந்த மருத்துவர் சிவப்புப் பவளத்தைக் கடல்நீர்ப் பாத்திரத்தில் வைத்துப் பார்த்தார். பவளத்தின் பூக்கள் என்று எல்லோரும் சொன்னவை தொட்டால் சுருங்கின, விட்டால் விரிந்தன. இவை பூக்கள் அல்ல, சின்ன விலங்குகள் என்று எழுதி அனுப்பினார். பாரிஸ் அறிவியல் கழகத்தில் ரேயாமூர் என்ற இயற்கை ஆய்வாளர் அதைப் படித்தபோது ஆசிரியரின் பெயரைச் சொல்லவில்லை. ஊர் சிரிக்கும், பாவம் என்று இரக்கப்பட்டாராம். பிறகு 1740-களில், செடி போலத் தோன்றும் ஹைட்ரா என்ற சிற்றுயிர் விலங்குதான் என்று தெரியவந்ததும்தான் ரேயாமூரே ஒப்புக்கொண்டார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ராஜம், 'அப்படியானால் அதற்கு வெளிச்சம் எதற்கு?' என்றாள். சொல்லப்போனால் நல்ல கேள்வி. சதைக்குள் குடியிருக்கும் ஒற்றையணுப் பாசிகள்தான் சமைக்கின்றன, சமைத்ததில் பெரும்பங்கை வீட்டுக்காரிக்குக் கொடுக்கின்றன, வீட்டுக்காரி கூடவே வேட்டையும் ஆடுகிறாள் என்றேன். 'அதாவது பாதிச் செடி' என்று எழுந்து போனாள். அவளை வெல்ல முடியாது.

இதையும் கேள், நாம் யூஃபிலியா என்று படித்த சுத்தியல் பவளம் 2017-இலிருந்து ஃபிம்ப்ரியாஃபிலியா. தீப்பந்தப் பவளம் மட்டும் பழைய பெயரிலேயே இருக்கிறது. அவற்றைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் சுத்தியல்தான் சூடுபடும் என்று நீ பட்டு அறிந்ததற்கு இப்போது பெயரளவிலாவது நியாயம் கிடைத்துவிட்டது.

சரி. மிதந்து வந்த ஐந்தில் நான்கு, வாரத்துக்குள் கரைந்துவிட்டன. ஐந்தாவது இன்னும் இருக்கிறது.

அதைத்தான் உனக்கு முக்கியமாக எழுத வந்தேன், இத்தனை பக்கம் சுற்றிவிட்டேன். துளையிட்ட சின்ன நெகிழிப் பெட்டியில், தொட்டிக்குள்ளேயே, விளக்கு நேராக விழாத மூலையில் தொங்கவிட்டிருக்கிறேன். நீரோட்டம் அதைப் புரட்டாத அளவு, தேங்கியும் போகாத அளவு. அடியில் கரடுமுரடான பவளக்கல் துண்டு ஒன்று. காலையில் சற்று உப்புகிறது, மாலையில் வற்றுகிறது. இறாலின் மிகச் சிறிய துணுக்கை உணரிழையில் வைத்தால் ஒட்டிக்கொள்கிறது. நேற்று முன்தினம் வாய்வரை கொண்டுபோனது. நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன்.

இது புதிய கூடு கட்டும் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடமும் சொல்லவில்லை. ஆனால் 2007-இல் ஃபைன், செர்னோவ் என்ற இருவர் வெளியிட்ட சோதனையை எடுத்துப் படி. மத்தியதரைக் கடலின் இரண்டு கல் பவளங்களை அமிலம் கூடிய நீரில் ஒரு வருடம் வைத்தார்கள். கூடு முழுவதும் கரைந்துபோயிற்று. பாலிப்புகள் சாகவில்லை, வெறும் சதையாகக் கடற்சாமந்தி போல வாழ்ந்தன. பழையபடி சாதாரணக் கடல்நீரில் விட்டதும் மறுபடி கூடு கட்டத் தொடங்கின. அவை வேறு இனங்கள், குளிர்ந்த கடலில் வளர்ந்த முரட்டு ஆட்கள் என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும் இரவில் அந்தப் பெட்டிக்கு முன் உட்காரும்போது நான் நினைப்பது அவற்றைத்தான்.

கட்டுவதற்குச் சாமான் குறையக் கூடாது என்று கால்சியத்தை 420-இல், காரத்தன்மையை அதன் அளவீடான டி.கே.எச்.-இல் 8-இல், மக்னீசியத்தை 1300-க்குப் பக்கத்தில் நிறுத்திவைத்திருக்கிறேன். ஆறு தலைகளும் இப்போது எதையும் கட்டவில்லை. எப்படித் தெரியும் என்கிறாயா? கூடு கட்டும் பவளம் நீரின் காரத்தன்மையைத் தின்று குறைக்கும். முன்பு இரண்டு நாளில் குறைந்த காரத்தன்மை இப்போது ஒரு வாரமானாலும் அசையவில்லை. சோதனைக் குழாயில் நிறம் மாறும் சொட்டை எண்ணும்போது அதே எண் வந்தால் மற்ற நாளில் மகிழ்ச்சியாக இருக்கும். இப்போது அந்த எண் குறையாதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

தம்பி ஆறு வாரம் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை, கூப்பிட்டால் தப்பு என்னுடையது என்று சொல்ல வேண்டும், அதைச் சொல்லப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை அவனே வந்தான். உள்ளே வந்து, பையிலிருந்து தடித்த பேனா ஒன்றை எடுத்து, ஒரு கேனில் 'உப்பு' என்றும் மற்றதில் 'சப்பு' என்றும் கொட்டை எழுத்தில் எழுதினான். பிறகு பெட்டியைக் குனிந்து பார்த்து, 'இது யார்?' என்றான். நான் பயிற்சி எடுத்ததில் பாதிதான் வாயில் வந்தது. 'போதும், போதும்' என்றான்.

உன்னிடம் கேட்க ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. உன் தாய்ப் பவளம் இன்னும் இருக்கிறதா? இருந்தால் எனக்காக ஒரு கிளையை ஒதுக்கி வை. இப்போது வெட்டாதே, அனுப்பாதே. காரத்தன்மை மறுபடி குறையத் தொடங்கிய பிறகு நானே எழுதுகிறேன். அதற்குள் என்னைத் திட்டி ஒரு கடிதம் எழுதிவிடு, காத்திருக்கிறேன்.

அன்புடன்,
வசந்தி

பி.கு.: பேத்திக்கு நான்கு வரி, பவளத்துக்கு இத்தனை பக்கம் என்று மகளிடம் சொல்லிவிடாதே.