5-1 ஆக்க அவசரப்படாதே

சேலம், அஸ்தம்பட்டி

கண்ணு,

நீ அனுப்பிய எம்.எம்.ஏ. (குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த சண்டை) ஒப்பந்தத்தைப் படித்தேன். ஸ்ட்ராவெயிட் எடைப் பிரிவு, மூன்று ரவுண்டு, ரவுண்டுக்கு 5 நிமிடம், எதிராளியின் ரெக்கார்டு 0-5, அதாவது வெற்றியே இல்லை, ஐந்தும் தோல்வி. ஜெயித்தால் உன் 4-1 சுலபமாக 5-1 ஆகிவிடும் என்கிறாய். இந்தச் சண்டை வேண்டாம் சாமி. காரணத்தைச் சொல்கிறேன்.

யாரோடு யார் மோதுவது என்று முடிவு செய்கிற மேட்ச்மேக்கர் உன் பெயரை எடுத்ததும் ஒவ்வொரு வரியாகப் பார்ப்பார். யாரோடு மோதினாய், எந்த எடையில், எந்த ரவுண்டில் எப்படி முடிந்தது, அன்றைக்கு எதிராளியின் கணக்கு என்ன என்று பார்ப்பார். உன் நாலு வெற்றியில் இரண்டு, அதுவரை ஒரு சண்டைகூட ஜெயிக்காதவர்களோடு வந்தது. மூன்றாவதாக ஒன்று சேர்ந்தால் ரெக்கார்டை ஊதிக் காட்டுகிறாள் என்று தோன்றிவிடும். அதைவிட உன் அந்த ஒரு தோல்விக்கே மதிப்பு அதிகம். இரண்டாவது ரவுண்டில் ரியர் நேக்கட் சோக்கில் (பின்னாலிருந்து கழுத்தை நெரிக்கும் பிடி) டேப் அடித்துத் தோல்வியை ஒப்புக்கொண்டாய், ஆனால் உன்னைத் தோற்கடித்த பெண் அதற்குப் பிறகும் ஜெயித்துக்கொண்டேயிருக்கிறாள். ராண்டி கூச்சரைப் பார். 19-11 என்றுதான் முடித்தார், பதினோரு தோல்வி. ஆனாலும் இந்தச் சண்டையின் பெரிய அமைப்பான யூஎஃப்சியில் ஹெவிவெயிட், லைட் ஹெவிவெயிட் இரண்டிலும் சாம்பியன். அவர் எதிரில் நின்றவர்கள் யார் என்று எண்ணினால்தான் அந்தக் கணக்கு புரியும். யூஎஃப்சி லைட்வெயிட் சாம்பியனாக இருந்த ஹபீபின் 29-0-வுக்குக் கனம் சேர்த்ததும் பட்டத்தைக் காத்த கடைசி மூன்று சண்டைதான்: 2018-ல் மெக்கிரெகர், 2019-ல் போரியே, 2020-ல் கேத்ஜி. மூன்றும் சப்மிஷன், பிடி போட்டு முடித்த வெற்றி.

உன் ரெக்கார்டில் பெரிய ஓட்டை வேறு. ஒரு டிசிஷன்கூட, அதாவது முழு நேரமும் நடந்து ஜட்ஜுகள் மதிப்பெண்ணால் முடிவான சண்டைகூட, இல்லை. எல்லாமே இரண்டாவது ரவுண்டுக்குள் முடிந்துவிட்டது. 15 நிமிடம் முழுக்க நீ நிற்பாயா, மூன்றாவது ரவுண்டில் உன்னைத் தரையில் தள்ளும் டேக்டவுனைத் தடுக்க இடுப்பில் பலம் மிச்சமிருக்குமா என்று யாருக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. 2024 ஜூனில் பூஜா தோமர் யூஎஃப்சியில் ஜெயித்த முதல் இந்தியப் பெண்ணானது ஸ்பிளிட் டிசிஷனில்தான். மூன்று ஜட்ஜில் ஒருவர் எதிராளிக்குக் கொடுத்தார், ரெக்கார்டில் அது முழு வெற்றியாகவே ஏறியது. இன்னொரு இந்திய வீரர் அன்ஷுல் ஜூப்லி 2023 அக்டோபரில் நாக் அவுட் ஆனது மூன்றாவது ரவுண்டில். அதனால் 3-2, 4-2 உள்ள ஒரு மல்யுத்தக்காரியைக் கேள். முடிக்க முடியாமல் உன்னை மூன்று ரவுண்டும் இழுக்கிற ஆள் இப்போது உனக்கு வேண்டும்.

இனி காகித வேலை. இதில் நீ அசட்டையாக இருக்கிறாய். நம் பெயரில் இனிஷியல் இருப்பதால் ஒரு ஊர்ப் போட்டியில் இனிஷியலோடும், இன்னொன்றில் அப்பா பெயரை விரித்தும் எழுதிவிடுகிறார்கள். ஷெர்டாக், டாபாலஜி மாதிரி சண்டைக் கணக்கு வைக்கிற தளங்களில் அப்புறம் ஒரே ஆளுக்கு இரண்டு பக்கம் கிளம்பும், வெற்றி ஒன்றில், தோல்வி இன்னொன்றில். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எல்லா ஒப்பந்தத்திலும் எழுதச் சொல். அமெச்சூரா புரொஃபஷனலா என்று ஒப்பந்தத்திலேயே தெளிவாக இருக்கட்டும், இரண்டும் தனித்தனிக் கணக்கு. சண்டை முடிந்த இரவே முடிவுத் தாளைப் படம் எடு: தேதி, ஊர், முடிந்த விதம், ரவுண்டு, நிமிடம், நடுவர் பெயர். வெட்டுக் காயத்துக்காக டாக்டர் நிறுத்தினால் அது டி.கே.ஓ. (டெக்னிக்கல் நாக் அவுட்). அதை நாக் அவுட் என்று எழுதிவிட்டால், தலையில் அடிபட்டவள் என்று அடுத்த இடத்தில் ஸ்கேன் கேட்பார்கள். ரஷ்ய ஹெவிவெயிட் வீரர் ஃபெடோர் எமிலியானென்கோவுக்கு 2000 டிசம்பரில் கொசாகாவின் விதிமீறிய முழங்கையால் வெட்டு விழுந்து 17 விநாடியில் சண்டை நின்றது. டி.கே.ஓ. தோல்வி என்று ஏறிய அந்த வரிதான் 2010 வரை அவருடைய ஒரே தோல்வி.

எதிராளியின் விரல் தற்செயலாகக் கண்ணில் பட்டு, மூன்று ரவுண்டு சண்டையில் இரண்டு ரவுண்டு முடியுமுன் நின்றால் நோ கான்டெஸ்ட், யாருக்கும் வெற்றியும் இல்லை தோல்வியும் இல்லை. இரண்டு முடிந்திருந்தால் அதுவரை போட்ட மதிப்பெண்ணை எண்ணி டெக்னிக்கல் டிசிஷன். பாயின்ட்டில் பின்தங்கியிருக்கிறோமே என்று கண் தெரிவதாகப் பொய் சொல்லாதே. தெரியவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லிவிடு. எந்த முடிவு விழுந்தாலும் விழட்டும், எனக்கு உன் கண் பெரிது.

எடை 52.2 கிலோ. பட்டத்துக்கான சண்டை இல்லையென்றால் ஒரு பவுண்டு கூட விடுவார்கள், அதை நம்பி இருக்காதே. தவறினால் கேட்ச்வெயிட், அதாவது பிரிவுக்கு வெளியே நடக்கும் சண்டை ஆகும், சம்பளத்தில் ஒரு பங்கு எதிராளிக்குப் போகும், எடை தவறியவள் என்ற பேச்சு வரும். எட்டு வாரம் முன்பே 56-க்குள் வந்துவிடு. சித்திரையில் ஊருக்கு வந்தால் சேலம் வெயிலில் வியர்க்க வைக்கிற சானா சூட் போட்டு ஓடாதே. அந்த வெயிலில் தண்ணீர் வற்றினால் மயக்கம்தான் வரும், கொழுப்பு குறையாது. விடியற்காலை ஏற்காடு அடிவாரத்துக்குப் போய்விடலாம். 20 கொண்டை ஊசி வளைவில் முதல் பத்தை ஓடு, மீதியை நட. மூன்றாவது ரவுண்டுக்கு வேண்டிய மூச்சு அங்கே கிடைக்கும்.

அமைப்பாளருக்கு இன்றைக்கே பதில் போடு. ஆளை மாற்றினால் அதே தேதிக்குச் சம்மதம் என்று மரியாதையாக எழுது. புது ஆளின் பெயர் வந்ததும் அவளுடைய கடைசி மூன்று சண்டை வீடியோவைக் கேட்டு வாங்கு, ஞாயிற்றுக்கிழமை போனில் சேர்ந்து பார்க்கலாம். அதற்கு முன்னால் எதிலும் கையெழுத்துப் போடாதே.

அம்மா