அந்த டிவியை எடைக்குப் போடாதே

அன்புள்ள ரவி,

நலம். வீட்டிலும் எல்லோரும் சுகம். தனம் அக்கா சேதி, வரதனின் புதுக் கூத்து எல்லாம் அடுத்த கடிதத்தில். இப்போது உன் கடைசி வரிக்கு மட்டும் பதில். உன் பிளாஸ்மா டிவி திரையின் மூலையில் செய்திச் சேனல் லோகோ ஒட்டிக்கொண்டு போகமாட்டேன் என்கிறது, கீழே ஓடுகிற எழுத்துப் பட்டையும் கோடாகத் தெரிகிறது, மெக்கானிக் "பேனல் காலி" என்று சொல்லிவிட்டார், சனிக்கிழமை எடைக்குப் போடப்போகிறேன் என்று எழுதியிருக்கிறாயே, கொஞ்சம் பொறு. அந்த மனிதர் எதைப் பார்த்துச் சொன்னார்? நிறுத்திவைத்த படத்தையா, வெறும் வெள்ளைத் திரையையா? அதைக் கேட்காமல் தலையாட்டியிருப்பாய். உன் குணம் எனக்குத் தெரியாதா!

பிளாஸ்மா திரையில் லோகோ தங்குவது இரண்டு வகை. இரண்டும் தூரத்திலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், அதுதான் சிக்கல். ஒன்று இமேஜ் ரிடென்ஷன். தானாகப் போய்விடும் நிழல் அது. இன்னொன்று பர்ன்-இன். அது போகாது.

திரை முழுக்க செல் என்னும் மிகச்சிறு அறைகள்தான். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் நியானும் செனானும் கலந்த வாயு இருக்கிறது. மின்சாரம் பாய்ந்ததும் அது புற ஊதாக் கதிரைக் கக்கும், அந்தக் கதிர் பட்டு சுவரில் பூசியிருக்கும் சிவப்பு, பச்சை, நீல பாஸ்பர் என்னும் பூச்சு ஒளிரும். ஒரே இடம் மணிக்கணக்கில் பளிச்சென்று எரிந்தால் அந்தச் செல்களின் உள்சுவரில் மின்னூட்டம் மிச்சம் நிற்கும், மக்னீசியம் ஆக்சைடு பூச்சின் மேற்பரப்பும் சற்று மாறும், அந்த இடம் சூடாகவும் இருக்கும். அதனால் பக்கத்துச் செல்களைவிட அவை சுலபமாகப் பற்றிக்கொள்கின்றன. நிழல் என்பது அவ்வளவுதான். இங்கே தேய்ந்துபோனது எதுவுமில்லை.

"கரண்டுக்கும் ஞாபகம் உண்டு" என்று வரதன் லேபில் சொன்னானே, பாவம், அன்று எல்லோரும் அவனை ஓட்டித் தள்ளினீர்கள். பிளாஸ்மா திரை பிறந்ததே அந்த ஞாபகத்தை நம்பித்தான். 1964ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பிட்ஸர், ஸ்லாட்டோ, வில்சன் மூவரும் இதை உருவாக்கியது கணினிவழிப் பாடத்துக்காக. கணினி மெமரி யானை விலை விற்ற காலம். சுவரில் தங்கும் மின்னூட்டத்தால் திரையே படத்தைப் பிடித்து வைத்துக்கொண்டது, தனி மெமரி தேவைப்படவில்லை.

பர்ன்-இன் அப்படியல்ல. அங்கே பாஸ்பரே தேய்ந்துவிட்டது. லோகோ இருந்த இடம் அக்கம்பக்கத்தைவிட அதிக நேரம், அதிக வெளிச்சத்தில் உழைத்துக் களைத்துவிட்டது. இனி அது மங்கலாகத்தான் எரியும்.

எது என்று பார்க்க வழி சொல்கிறேன், இன்றைக்கே செய். 1920க்கு 1080 அளவில் ஆறு படங்கள் தயார் செய்: முழு வெள்ளை, அடர்ந்த சாம்பல், நடுத்தரச் சாம்பல், சிவப்பு, பச்சை, நீலம். ஒவ்வொன்றும் ஒரே நிறம், வேறெதுவும் இருக்கக் கூடாது. பென்டிரைவில் போட்டு, அறை விளக்கை அணைத்துவிட்டு, ஒவ்வொன்றையும் அரை நிமிடம் மட்டும் பார். அடர்ந்த சாம்பலில் லோகோ வெளிச்சமாகத் தெரிந்தால் பெரும்பாலும் நிழல்தான், பிழைத்தாய். வெள்ளையில் அதே இடம் இருட்டாகவோ பழுப்பாகவோ தெரிந்தால் பாஸ்பர் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். மூன்றில் நீல பாஸ்பர்தான் சீக்கிரம் தளரும், அதனால் வெள்ளை லோகோவின் தழும்பு மஞ்சளோடும். சிவப்பு லோகோவாக இருந்தால் வெள்ளைத் திரையில் அந்த இடம் நீலப்பச்சையாகத் தெரியும், ஏனென்றால் அங்கே சிவப்பு குறைந்துபோயிற்று. சிவப்புப் படத்தைப் போட்டால் அதே இடம் மங்கிக் காட்டிக்கொடுத்துவிடும்.

இதோடு முடிவுக்கு வந்துவிடாதே. நிழலும் சில சமயம் வெள்ளையில் லேசாகத் தெரியும். கடைசித் தீர்ப்பு நேரம்தான். கறுப்புப் பட்டை இல்லாமல் திரை முழுக்க நிரம்பி ஓடுகிற, லோகோ இல்லாத, வண்ணம் மாறிக்கொண்டே இருக்கும் படம் ஏதாவது ஒரு மாலை முழுக்க ஓடட்டும். பிறகு மறுபடி சாம்பலைப் போடு. கொஞ்சம் மங்கியிருந்தாலும் அது நிழல்தான், இன்னும் நாலைந்து மாலை இப்படியே ஓட்டு. டிவியை அணைத்து மூடி வைப்பதைவிட இப்படி ஓட்டுவதுதான் பலன் தரும்.

பல பிளாஸ்மா டிவிகளின் மெனுவில் வெள்ளைப் பட்டை ஓடுகிற வசதியோ முழு வெள்ளைத் திரை வசதியோ இருக்கும். மெக்கானிக்குகள் முதலில் அதைத்தான் ராத்திரி முழுக்க ஓடவிடச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நிழலுக்கு ஒரு மணி நேரம் போட்டுப் பார்க்கலாம், தப்பில்லை. ராத்திரி முழுக்க ஓடினால் நல்ல பாஸ்பரும் சேர்ந்து தேய்கிறது. தேய்ந்த இடத்தின் அளவுக்கு மற்றதையும் தேய்த்துச் சமப்படுத்துவதுதான் அந்த வைத்தியம்! லோகோ இருந்த இடத்தைக் கறுப்பாக்கி மற்ற இடமெல்லாம் வெள்ளை போட்டு எரிக்கிற தந்திரத்தையும் யாராவது சொல்வார்கள், தொடவே தொடாதே. விளிம்பு கொஞ்சம் தவறினால் புதுத் தழும்பு விழும்.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. திரை முழுக்க வெள்ளையானால் மின்சாரச் செலவைக் கட்டுக்குள் வைக்க டிவியே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். திரை இருட்டாக, மூலையில் ஒரு சின்ன வெள்ளை லோகோ மட்டும் என்றால் அந்த லோகோ முழு வேகத்தில் எரியும். இருட்டுக் காட்சியின் மேல் உட்கார்ந்திருக்கும் லோகோதான் மோசமான எதிரி.

செட்டிங்கில் விவிட், டைனமிக் என்று இருப்பதை மாற்றி சினிமா மோடு வை. குறைக்க வேண்டியது கான்ட்ராஸ்டை, வெள்ளை எவ்வளவு பளிச்சென்று எரியும் என்பது அதன் கையில்தான். பாதி அளவுக்குக் கொண்டுவா. எல்லோரும் பிரைட்னஸைக் குறைத்துவிட்டு, பாதுகாத்துவிட்டதாக நினைக்கிறார்கள். இதில் பிரைட்னஸ் கறுப்பின் அளவை மாற்றும், அவ்வளவுதான். படத்தை ஓரிரு பிக்சல் நகர்த்துகிற ஆர்பிட்டர் இருந்தால் போட்டு வை, தழும்பின் விளிம்பையாவது மழுக்கும். அகலம் குறைந்த பழைய 4:3 படத்துக்கு இரு பக்கமும் கறுப்புப் பட்டை வேண்டாம், சாம்பல் பட்டை இருந்தால் அதைப் போடு. கறுப்புப் பட்டையில் செல்கள் சும்மா கிடக்க, நடுவே மட்டும் தேய்ந்துகொண்டிருக்கும்.

"60,000 மணி நேரம், 100,000 மணி நேரம் உழைக்கும் என்றார்களே" என்று கேட்டிருக்கிறாய். அது வெளிச்சம் பாதியாகக் குறைய ஆகும் நேரம், அதுவும் திரை முழுக்க ஒரே சீராகத் தேய்ந்தால். கண்ணுக்குப் பாதியெல்லாம் குறைய வேண்டியதில்லை. விளிம்பு கூராக இருந்தால் சின்ன வித்தியாசமே உறுத்தும்.

ரவி, இது விளையாட்டில்லை. பானாசோனிக் 2013 கடைசியில் பிளாஸ்மாவை நிறுத்தியது, சாம்சங்கும் எல்ஜியும் 2014ல். பயனியர் அதற்கும் முன்பே. புதுப் பேனல் போட்டுத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் அது வேறு டிவியிலிருந்து கழற்றியதாகவோ பழைய சரக்காகவோதான் இருக்கும். தழும்பு இருந்தாலும் அந்தக் கறுப்பின் ஆழமும், வேகமாக ஓடும் காட்சியின் தெளிவும் அப்படியே இருக்கின்றன. பர்ன்-இன்னே ஆனாலும் வைத்துக்கொள். பலவிதமான படம் ஓடஓட மாதக்கணக்கில் உறுத்தல் குறையும். பின்பக்கத்தை மட்டும் நீ திறக்காதே. உள்ளே 200 வோல்ட் அளவில் ஓடுகிறது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டரில் நிற்கும்.

அப்பா நாள் முழுக்கச் செய்திதான் பார்ப்பார். அதற்காக அவர் கையிலிருந்து ரிமோட்டைப் பிடுங்காதே, அவர் இருக்கும்போது லோகோவைப் பற்றிப் பேச்சே எடுக்காதே. கான்ட்ராஸ்டைக் குறைத்து வை, சில நாள் ஜூம் போட்டு வை, லோகோ இடம் மாறும். அவர் தூங்கப் போனதும் ஒரு மணி நேரம் முழுத்திரைப் படம் ஓடட்டும். போதும்.

சாம்பலில் என்ன தெரிந்தது, வெள்ளையில் என்ன தெரிந்தது என்று தனித்தனியாக எழுது. போட்டோ அனுப்பாதே, கேமரா இதைச் சரியாகக் காட்டாது.

உன்,
பாலு