ஒன்றேகால் கிலோ துவரம் பருப்பு

அன்புள்ள மீனாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். அவளுக்கு மூட்டு வலி இந்த மாதம் பரவாயில்லை. காலையில் குனிந்து கோலம் போடுகிறாள். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீ ஆபீஸ் முடிந்து ரயிலில் வரும்போதுதான் பேசுகிறாய். பாதி காதில் விழுகிறது, மீதியைச் சொல்வதற்குள் பல்லாவரம் வந்துவிடுகிறது. அதனால்தான் பேப்பரை எடுத்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னாய். "முட்டை இப்போ பிள்ளைங்களுக்கு மட்டும்தான்ப்பா வாங்குறேன், விலை ஏறிப் போச்சு" என்றாய். நீ அடுத்த பேச்சுக்குப் போய்விட்டாய். என்னால் போக முடியவில்லை. அம்மாவிடம் சொன்னேன். அன்று இரவு அவள் தட்டில் கையை வைத்தபடி வெகு நேரம் உட்கார்ந்திருந்தாள். காலையில் ஆறு மணிக்குக் கிளம்பி, இரவு எட்டு மணிக்கு வந்து, அதற்கப்புறம் சமைக்கிற பெண் முட்டையைத் தனக்கு வேண்டாமென்று வைப்பதை எங்களால் சிக்கனம் என்று எடுத்துக்கொள்ள முடியவில்லை.

உனக்குத் தெரியும், கீழமாசி வீதிக் கடையில் 31 வருஷம் கணக்கு எழுதினேன். அத்தனை வருஷமும் என் கைக்கு வந்தது ஊராரின் மளிகைச் சிட்டைகள். பெரும்பாலும் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். துவரம் பருப்பு 2 கிலோ, உளுந்து 2 கிலோ, ரவை 1 கிலோ என்று முழு எண்ணாக வரும். போன மாதம் வாங்கியதையே இந்த மாதமும் எழுதியிருப்பார்கள். ஒரே ஒரு டீச்சரம்மா மட்டும் நாள்காட்டித் தாளைக் கிழித்து அதன் பின்பக்கம் எழுதிக்கொண்டு வருவார். அவருடைய சிட்டையில் துவரம் பருப்பு ஒன்றேகால் கிலோ என்றிருக்கும். கடலைப் பருப்பு 300 கிராம். மிளகு 60 கிராம். பொட்டலம் போடும் பையன்கள் முனகுவார்கள்.

ஒருநாள் அவரிடமே கேட்டேன். "எங்க வீட்ல வாரம் ரெண்டு நாள் சாம்பார், ஒருநாள் கூட்டு. சாம்பாருக்கு 125 கிராம், கூட்டுக்கு 60 கிராம். வாரத்துக்கு 310, நாலு வாரத்துக்கு 1240. அதான் ஒன்றேகால்" என்றார். அவர் மாதச் சமையலை முதலில் எழுதி, அதிலிருந்து சாமானை எழுதியிருந்தார். மற்றவர்கள் சாமானை வாங்கிவைத்துவிட்டு, என்ன சமைக்கலாம் என்று தினமும் யோசித்தார்கள். அன்றிலிருந்து நம் வீட்டுச் சிட்டையையும் அப்படித்தான் போட்டோம். உன் கல்லூரிக் கட்டணம் கட்டிய வருஷங்களில் கடையில் முன்பணம் கேட்காமல் ஓட்டியதற்கு அதுவும் ஒரு காரணம்.

பொங்கலுக்கு வந்து பதினைந்து நாள் உன் வீட்டில் இருந்தோமே, அப்போது பார்த்ததைச் சொல்கிறேன். குறை சொல்வதாக நினைக்காதே. ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் மூன்று கட்டு கொத்தமல்லி கிடந்தது. ஒன்று பச்சை, ஒன்று மஞ்சள், ஒன்று நீர் விட்டுக் கறுத்திருந்தது. அலமாரியில் பிரித்த ரவைப் பாக்கெட் இரண்டு, பிரிக்காதது ஒன்று. நீ வாங்கியது மாப்பிள்ளைக்குத் தெரியவில்லை, அவர் வாங்கியது உனக்குத் தெரியவில்லை. இருவரும் வீட்டுக்கு உதவியாகத்தான் வாங்கினீர்கள். பழைய பழக்கம், என் சட்டைப்பை நோட்டில் வீணாய்ப் போனதை மட்டும் குறித்து வைத்தேன். கொத்தமல்லி இரண்டு கட்டு 40, வெண்டைக்காய் அரைக் கிலோ 35, பாதி முட்டைக்கோஸ் 20, பிரெட் 50, புளித்துப் போன மாவுப் பாக்கெட் 50, தக்காளி 15. கூட்டினால் 210 ரூபாய். அன்று உன் தெருக் கடையில் முட்டை 7 ரூபாய். அந்தப் பணத்தில் 30 முட்டை, சரியாக ஓர் அட்டை வந்திருக்கும்.

அந்த ஓர் அட்டை உன் வீட்டுக்கு இரண்டு வாரத்துக்குப் போதும். எப்படி என்று கடைசியில் சொல்கிறேன்.

முதலில் நாள். உன் சமையல் வாரத்தைத் திங்கட்கிழமை தொடங்காதே. பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமை சந்தை கூடுகிறது. அத்தனை பேர் எங்கெங்கிருந்தோ வந்து வாங்கிப் போகிறார்கள், உனக்கு அது ரயிலடிக்குப் பக்கம். ஆகவே உன் வாரம் வெள்ளி மாலை சந்தையில் தொடங்கி, அடுத்த வெள்ளி காலைச் சமையலோடு முடியட்டும். வியாழன் இரவு பத்து நிமிடம் மாப்பிள்ளையோடு உட்கார். ஃபிரிட்ஜையும் அலமாரியையும் திறந்து பார்த்துவிட்டு, ஏழு நாள் சமையலையும் ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டு. சாமான் பட்டியல் அதற்குக் கீழே. அந்தப் பட்டியலில் இல்லாததை இருவரும் வாங்குவதில்லை என்று பேசிக்கொள்ளுங்கள். இன்றைக்கு என்ன சமைப்பது என்ற யோசனையை நீ மட்டுமே சுமக்கிறாய் என்று அம்மாவுக்கு ரொம்ப நாளாக வருத்தம். தாளில் இருந்தால் மாப்பிள்ளையே காயை நறுக்கிக் குக்கரை வைத்துவிடுவார். அவருக்கு மனம் இருக்கிறது, என்ன செய்ய வேண்டும் என்பதுதான் தெரியவில்லை.

எதை எந்த நாளுக்கு எழுதுவது என்பதைக் காயே சொல்லும். சீக்கிரம் வாடுவது முதலில். சனிக்கிழமை கீரை. ஞாயிறு கறியோ மீனோ. திங்களும் செவ்வாயும் வெண்டை, அவரை, கத்தரி. புதன் பீன்ஸ், முட்டைக்கோஸ். வியாழக்கிழமைக்கு உருளை, சேனை, வாழைக்காய் மாதிரி தாங்குகிற காய். வெள்ளி காலை கூடையில் ஒன்றும் இருக்கக் கூடாது. அன்று வற்றல் குழம்பு, பருப்புத் துவையல், சுட்ட அப்பளம். சின்னவளுக்கு அது பிடிக்கும் என்பதை இங்கே வந்தபோதே பார்த்தோம். சாம்பாருக்குப் பருப்பு வேகவைக்கும் அன்று தண்ணீர் கொஞ்சம் கூட வைத்து, மேலாக நிற்கும் தண்ணீரை ரசத்துக்கு எடுத்துவை. தேங்காய் உடைக்கிற நாளில் ஒரு மூடி கூட்டுக்கு, மறு மூடி மறுநாள் சட்னிக்கு என்று சேர்த்தே எழுது. இப்படி ஒன்றிலிருந்து இன்னொன்று பிறக்கிற மாதிரி எழுதினால் மிச்சம் என்ற பேச்சே குறைந்துவிடும்.

மாவுக் கணக்கைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், உன் வீட்டில் பெரிய ஓட்டை அதுதான். ஒரு கிலோ பாக்கெட் 50 ரூபாய், வாரம் மூன்று வாங்குவதாகச் சொன்னாய். வாரத்துக்கு 150. ஒரு கிலோ இட்லி அரிசி 45 ரூபாய் என்று வை. அதற்குக் கால் கிலோ உளுந்து, 35 ரூபாய். ஒரு ஸ்பூன் வெந்தயம். எண்பது, எண்பத்தைந்து ரூபாயில் மூன்று கிலோவுக்கு மேல் மாவு கிடைக்கும். கிரைண்டர் உன் கல்யாணத்துக்கு வாங்கியது, பரணில்தான் இருக்கிறது, பார்த்தேன். சனிக்கிழமை மத்தியானம் ஊறவைத்து மாலையில் அரைத்தால் ஞாயிறு காலை இட்லி. முதல் இரண்டு நாள் இட்லி, அப்புறம் தோசை, புளிப்பு ஏறியதும் வெங்காயம் பச்சை மிளகாய் போட்டுக் குழிப்பணியாரம். அரைக்க முடியாத வாரம் வந்தால் பாக்கெட்டே வாங்கு, அதற்காக மனசைப் போட்டு வருத்திக்கொள்ளாதே.

அடுத்தது ரேஷன். கல்யாணமாகி எட்டு வருஷமாகியும் உன் பெயர் நம் அட்டையிலேயே இருக்கிறது. இங்கே நீக்கிக் கொடுக்கும் வேலையை நான் இந்த வாரமே பார்க்கிறேன். மாப்பிள்ளையும் அவர் வீட்டு அட்டையிலிருந்து எடுத்துக்கொண்டதும் நீங்கள் புது அட்டைக்கு எழுதிப் போடுங்கள். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். இதே பருப்பு வெளியில் 100 ரூபாய்க்கு மேல். டீச்சரம்மா கணக்குப்படி உனக்கும் மாதம் ஒன்றேகால் கிலோதான் என்றால், ரேஷனில் ஒரு கிலோ வாங்கிவிட்டு வெளியில் கால் கிலோ வாங்கினால் போதும். சில மாதம் கனடா மஞ்சள் பருப்பு போடுவார்கள். அது சீக்கிரம் குழையும், விசிலைக் குறைத்துக்கொள். அரிசி இலவசம். சாப்பாட்டுக்குப் பிள்ளைகள் ஒத்துக்கொள்ளாவிட்டால் பாதிக்குப் பாதி இட்லி அரிசியோடு கலந்து ஊறவை, மாவுச் செலவு இன்னும் இறங்கும். பாலுக்கு ஆவின் மாத அட்டை போட்டுக்கொள், சில்லறை விலையை விடக் குறைவு.

பத்து நிமிடத்தில் கொண்டுவரும் ஆப் பற்றி ஒரு வார்த்தை. அவசரத்துக்கு அது நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நீ கொத்தமல்லிக்காகத் திறந்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். இன்னும் கொஞ்சம் வாங்கினால் டெலிவரி இலவசம் என்று வந்ததும் இரண்டு பிஸ்கெட் பாக்கெட்டும் ஒரு ஜூஸும் சேர்ந்தன. கொத்தமல்லி ஏற்கெனவே ஃபிரிட்ஜில் இருந்தது. எண்ணெய் வாங்கும்போதும் அளவைப் பார். சூரியகாந்தி எண்ணெய் ஒரு லிட்டர் என்றால் 910 கிராம். இப்போது அதே உயரப் பாக்கெட்டில் 850, 800 என்று குறைத்தும் வருகிறது. விலையை மட்டும் பார்த்தால் மலிவு மாதிரித்தான் தெரியும்.

மொத்தமாக வாங்கலாமா என்று கேட்டாய். இதில் நான் பட்டிருக்கிறேன். நீ மூன்றாம் வகுப்பு படிக்கும்போது உளுந்து விலை இறங்கியது என்று 15 கிலோ தூக்கி வந்தேன். இரண்டு மாதச் சம்பளத்தில் பிடித்தம். ஆடி மாதம் டின்னைத் திறந்தால் உள்ளே வண்டு ஊர்ந்தது. அம்மா மூன்று நாள் முறத்தில் புடைத்தாள். பாதிக்கு மேல் பக்கத்து வீட்டுக் கோழிக்குப் போயிற்று. மாதச் சாமானை மாதத்துக்கே வாங்கு. பருப்பை ஒருமுறை வெயிலில் காட்டி, ஆறியபின் டப்பாவில் நாலு காய்ந்த மிளகாய் போட்டு மூடு. ரவையை வாங்கிய அன்றே வறுத்துவிடு. வருஷத்துக்கு வாங்க வேண்டியவை புளியும் மிளகாயும்தான். அதை நீ அங்கே தேட வேண்டாம். இப்போது மாசி, புதுப் புளி வந்துவிட்டது. ராமநாதபுரம் குண்டு மிளகாயும் வர ஆரம்பித்திருக்கிறது. ஐந்து கிலோ புளி வாங்கி அம்மா கொட்டை எடுத்துக்கொண்டிருக்கிறாள். கல் உப்பு போட்டுப் பிசிறி ஜாடியில் வைத்தால் அடுத்த மாசி வரை வரும்.

காலம் பார்த்து வாங்குவதையும் பழகிக்கொள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அந்த நாட்களில் மீன் விலையோடு மல்லுக்கட்டாமல் ஞாயிற்றுக்கிழமையைக் கோழிக்கோ முட்டைக் குழம்புக்கோ மாற்று. புரட்டாசியில் நிறையப் பேர் கவிச்சி சாப்பிடாததால் கோழி இறங்கும், காய்கறி ஏறும். 2023 ஜூலையில் தக்காளி 100 ரூபாயைத் தாண்டியபோது சென்னை ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு விற்றார்கள், நீ வரிசையில் நின்றதாகச் சொன்னாய். அப்படி ஏறுகிற வாரத்தில் தக்காளி இல்லாத சமையலை எழுதிவிடு. புளிக்குழம்பு, மோர்க்குழம்பு, எலுமிச்சை ரசம், மாங்காய் போட்ட பருப்பு. நம் பாட்டிகள் அடுப்பில் தக்காளி இல்லாத குழம்பு எத்தனையோ இருந்தது. அம்மாவிடம் கேள், ஒரு மணி நேரம் சொல்வாள்.

சரி, முட்டைக்கு வருகிறேன். ஓர் அட்டை 30. வாரத்துக்கு 15. பெரியவனுக்கு 4, சின்னவளுக்கு 4, மாப்பிள்ளைக்கு 3. மீதி 4 உனக்கு. ஒட்டப்போகும் தாளில் மற்றதை எப்படி வேண்டுமானாலும் மாற்றிக்கொள், அந்த நாலை மட்டும் மாற்றாதே. எந்தெந்த நாள் நீ சாப்பிடுகிறாய் என்று நாளையும் எழுது. எழுதாவிட்டால் நீ விட்டுக்கொடுத்துவிடுவாய், எனக்குத் தெரியும். உன் அம்மாவும் அப்படித்தான் விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அதைக் கவனிக்க எனக்குப் பல வருஷம் ஆயிற்று. அவளுடைய மூட்டு வலியைப் பார்க்கும்போதெல்லாம் அது நினைவுக்கு வருகிறது.

புளியும் மிளகாயும் வியாழக்கிழமை ராத்திரி பஸ்ஸில் போட்டுவிடுகிறேன், மாப்பிள்ளை தாம்பரத்தில் வாங்கிக்கொள்ளட்டும். வெள்ளிக்கிழமை சந்தைக்குப் போய்விட்டு வந்து முதல் வாரத் தாளைப் போட்டோ எடுத்து அனுப்பு. அம்மா கண்ணாடியைத் துடைத்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா
மதுரை