பேத்தியும் ஆரஞ்சு டப்பாவும்

அன்புள்ள சேகர்,

நாலு மாசமாகக் கடிதம் இல்லை, திட்டுவதை முடித்துவிட்டு மேலே படி. முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, சுகர் பரவாயில்லை, வாசு வீட்டை விற்றுவிட்டான் (நீ சொன்ன விலைக்கு இல்லை, சிரிக்காதே).

எழுத உட்கார்ந்தது பேத்தி விஷயமாக. செப்டம்பர் கடைசியில் அவளுக்கு வயிற்றுப்போக்கு. உடம்பில் தண்ணீர் வற்றாமல் இருக்கக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசல் இருக்கிறதே, அதற்காக மருந்துக்கடைக்கு ஓடி "ஓஆர்எஸ் கொடுங்க" என்றேன், ஆரஞ்சுப் படம் போட்ட டப்பா நாலு எடுத்து வைத்தான், மூன்றெழுத்தும் கொட்டை எழுத்தில் இருந்தது, அதற்கு மேல் எதைப் பார்ப்பது? அவளும் ஸ்ட்ரா போட்டு ஆசையாகக் குடித்தாள். குடிக்கக் குடிக்கப் போக்கு கூடியதே தவிர நிற்கவில்லை. மூன்றாம் நாள் கண் குழிவிழுந்து, மூத்திரம் நின்று, தூக்கிக்கொண்டு ஓடினோம். டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கும்போது அந்தச் சின்ன டாக்டரம்மா "என்ன கொடுத்தீங்க?" என்று கேட்க, நான் பெருமையாக டப்பாவை நீட்டினேன். அவர் அதைத் திருப்பி, எறும்பு சைஸில் இருந்த ஒரு வரியைப் பேனா முனையால் தொட்டுக் காட்டினார். உலக சுகாதார நிறுவனம் சொன்ன கலவை இது இல்லை என்று டப்பாவே சொல்கிறது! முப்பத்தோரு வருஷம் பிள்ளைகளுக்குக் கெமிஸ்ட்ரி நடத்தியவன்டா நான். சர்க்கரை அளவுக்கு மீறினால் குடல் உடம்பிலிருந்து தண்ணீரை இழுக்கும் என்பதைப் போர்டில் படம் போட்டு விளக்கியவன்.

அவள் தேறிவிட்டாள், கவலைப்படாதே. ஆனால் எனக்குத் தூக்கம் போய்விட்டது, இதைப் பற்றியே படித்துக்கொண்டிருந்தேன்.

1971-இல் வங்கதேச அகதிகள் எல்லை தாண்டி வந்தபோது மேற்கு வங்கத்துப் பன்காவ் முகாமில் காலரா. திலீப் மஹலானபிஸ் என்ற டாக்டர் அங்கே போகிறார். ஆஸ்பத்திரித் தரையெல்லாம் மலமும் வாந்தியும், அதிலேயே மண்டியிட்டு உட்கார்ந்துதான் ஊசி குத்தவேண்டும், ஏற்றுவதற்கான சலைனும் தீர்ந்துகொண்டிருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு என்று கல்கத்தாவில் பொட்டலம் கட்டி, பிளாஸ்டிக் பையின் வாயை இஸ்திரிப் பெட்டியால் ஒட்டி அனுப்பினார்கள். கலக்கியதைக் குடிக்க வைத்தது அம்மா, அக்கா, யார் பக்கத்தில் இருந்தார்களோ அவர்கள். மற்ற முகாம்களில் நூற்றுக்கு 30 பேர் வரை செத்துக்கொண்டிருந்தபோது இவரிடம் 3.6. அப்படியும் பெரிய டாக்டர்கள் உடனே நம்பவில்லை. ஊசி இல்லாமல், படிப்பில்லாத ஒரு தாய் காலராவைச் சமாளிப்பதா? 1953-லேயே ஹேமேந்திரநாத் சட்டர்ஜி என்பவர் இதே வழியை லான்செட் என்ற மருத்துவப் பத்திரிகையில் எழுதியிருக்கிறார், யாரும் கண்டுகொள்ளவில்லை. மஹலானபிஸுக்கே பத்ம விபூஷண் வந்தது 2023-இல், அவர் செத்த பிறகு.

நம் ஹாஸ்டல் டாக்டர் ஞாபகம் வருகிறதா? 79-இல் நீ கிழிந்த துணியாகக் கிடந்தபோது, "தண்ணி குடிச்சா இன்னும் போகும், வாயக் கட்டு" என்றாரே. அவருக்குத் தெரியாமல் உப்புக் கஞ்சி கொண்டுவந்து ஊற்றியது முத்தையா. நீ இன்றைக்குக் கடிதம் வாங்குவதே முத்தையா புண்ணியம்.

பிறகு 1980-லிருந்து பங்களாதேஷில் பிராக் என்ற அமைப்பு வீடு வீடாகப் பெண்களை அனுப்பியது. மூன்று விரல் அள்ளும் உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் (சுமார் அரை லிட்டர்) தண்ணீர். சொல்லிக்கொடுத்தவளுக்குச் சம்பளம், அந்தத் தாய் அதை எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறாள் என்பதைப் பொறுத்து. இதில் எனக்குப் பிடித்த கூத்து, சொல்லிக்கொடுத்தவர்களே தங்களுக்கு வயிற்றால் போனால் மாத்திரை தேடினார்களாம். அதைக் கண்டுபிடித்து, முதலில் அவர்களை நம்பவைத்தார்கள்.

அவ்வளவு பாடுபட்டு ஜனங்களிடம் சம்பாதித்த மூன்றெழுத்தைத்தான் சர்க்கரைத் தண்ணீர் மேல் ஒட்டி விற்றிருக்கிறார்கள். ஐதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் எட்டு வருஷம் மல்லுக்கட்டினார். 2022-இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஒருதரம் தடுத்தது, மூன்றே மாசத்தில் "பொடி எழுத்தில் ஒரு வரி போட்டுக்கொள்" என்று விட்டுவிட்டது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதிதான் அந்தச் சலுகையை ரத்து செய்தார்கள்.

அதைப் படித்துவிட்டு நான் சந்தோஷப்பட்டேன், மாப்பிள்ளை கொதித்துவிட்டார். "இத்தனை வருஷம் அரசாங்கமே விட்டிருக்கு, இனி எதை மாமா நம்பறது?" என்கிறார். பேத்திக்கு ஐந்து வயது தடுப்பூசி பாக்கி, அதையும் இப்போது வேண்டாமாம், எல்லாமே வியாபாரமாம். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் டப்பா வாங்கி வந்தவன் நான், எந்த முகத்தோடு அதட்டுவது? படித்தவர்கள் சொன்னால் கேள் என்று சொல்லியே வளர்ந்தோம், அந்த வாக்கியம் இந்த வீட்டில் இப்போது செல்லாது.

நேற்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த ஓஆர்எஸ் பொட்டலத்தைச் சாப்பாட்டு மேஜையில் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தேன். நான் ஒன்றும் பேசவில்லை (நம்பு). அவர் இரண்டின் முதுகையும் கண்ணாடி போட்டுப் படித்தார், டப்பாவில் சர்க்கரை எவ்வளவு என்று செல்லில் கணக்குப் போட்டார், போட்டோ எடுத்துக்கொண்டார். தடுப்பூசி பற்றி இன்னும் வாயைத் திறக்கவில்லை. பேத்தி பொட்டலத் தண்ணீரை ஒரு வாய் குடித்துவிட்டு, "உவ்வே, ஆரஞ்சுதான் வேணும் தாத்தா" என்று துப்பினாள்.

உன் தங்கை மகள் குழந்தை டாக்டர்தானே, அவளை மாப்பிள்ளையிடம் ஒரு பத்து நிமிஷம் பேசச் சொல்வாயா? நான் கேட்டதாகத் தெரியவேண்டாம். முத்தையா மகனை ஜங்ஷனில் பார்த்தேன், அது தனிக் கதை.

உன்,
ராமு