அரப்பொடி ஏன் காந்தத்தில் ஒட்டியது?

திருகோணமலை

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். நூறு அணுக்களில் இரும்பு 60, அலுமினியம் 40 என்ற விகிதத்தில் உருக்கி, உலையிலேயே மெதுவாக ஆறவிட்ட கட்டி காந்தத்தைச் சட்டை செய்யவில்லை என்றும், அதையே அரத்தால் அராவியபோது விழுந்த பொடி மாத்திரம் காந்தத்தில் மீசை முளைத்தாற்போல ஒட்டிக்கொண்டது என்றும் எழுதியிருந்தாய். அரத்தின் இரும்பு கலந்திருக்கும் என்று உன் ஆசிரியர் சொன்னதை நான் முற்றாக மறுக்கமாட்டேன். ஆயினும், அணுக்கள் எந்த ஒழுங்கில் அமர்ந்திருந்தன என்ற கேள்வியை நீங்கள் இருவரும் கேட்கவில்லை என்பதே என் குறை.

மெதுவாக ஆறிய உன் கட்டியில், சிறு கனசதுரங்களின் மூலைகளில் இரும்பும் நடுவில் பெரும்பாலும் அலுமினியமுமாக அணுக்கள் ஒழுங்குபட்டிருக்கும். ஆகவே மூலையிலுள்ள இரும்பணு ஒவ்வொன்றுக்கும் மிக அருகிலுள்ள எட்டு அயலவர்களில் பெரும்பாலோர் அலுமினியமே. நான் உயர்தர வகுப்பு எடுத்த காலத்தில், வாயாடிகளைத் தனித்தனியே பிரித்து இருத்தினால் வகுப்பே அடங்கிவிடும். அதுபோல, இரும்புக்கு அருகில் போதிய இரும்பு இல்லாதபோது அறை வெப்பநிலையில் காந்தம் தலைதூக்குவதில்லை. அரம் செய்தது என்ன? அணுக்கள் அடுக்கப்பட்ட தளங்களை ஒன்றின்மேல் ஒன்று வழுக்கச் செய்து, சில இரும்பணுக்களை அலுமினியத்தின் இருக்கைக்கும் அலுமினியத்தை இரும்பின் இருக்கைக்கும் தள்ளிவிட்டது. கலவையின் விகிதம் இம்மியும் மாறவில்லை, அயல்தான் மாறியது.

இதைச் சோதிப்பது கடினமன்று. இரும்பே இல்லாத சிலிக்கன் காபைட் தாளில் கட்டியைத் தேய்த்து, அந்தப் பொடியும் ஒட்டுகிறதா என்று முதலில் பார். ஒட்டினால், அதை வெற்றிடமாக்கி மூடிய குவாட்ஸ் குழாயில் இட்டு 500 பாகை செல்சியசுக்குச் சற்று மேலே சூடாக்கி, மெல்ல ஆறவிடு. சூட்டில் அணுக்கள் நகர்ந்து ஒழுங்கு திரும்பினால் கவர்ச்சி பெருமளவு மறைய வேண்டும். திறந்த காற்றில் சூடாக்கிவிடாதே. இரும்பு ஒட்சைட்டாகி, அதில் காந்தத்தில் ஒட்டும் ஒட்சைட்டான மக்னற்றைட்டு உண்டானால் புதிய குழப்பம்தான் மிஞ்சும்.

ஒழுங்கு என்றாலே காந்தத்துக்குப் பகை என்றும் எண்ணிவிடாதே. செப்பு, மங்கனீசு, அலுமினியம் ஆகிய மூன்றில் எதுவும் தனியே இரும்பைப் போலக் காந்தமாவதில்லை. ஆனால் அவற்றைக் கலந்தால் காந்தமாகும் என்று ஜேர்மனியரான பிரிட்ஸ் ஹொய்ஸ்லர் 1903 இல் அறிவித்தார். மங்கனீசு அணு ஒவ்வொன்றும் ஒரு சிறு காந்தம். நெருங்கி அமர்ந்தால் எதிரெதிர்த் திசை பார்க்கும் அந்த அணுக்கள், ஒழுங்கான அமைப்பில் போதிய தூரம் விலகி அமர்வதால் ஒரே திசை நோக்குகின்றன. இரும்பும் பிளாற்றினமும் பாதிக்குப் பாதி சேர்ந்த கலப்புலோகத்திலோ, இரும்பு ஓர் அடுக்கு, பிளாற்றினம் ஓர் அடுக்கு என்று அடுக்கடுக்காக ஒழுங்குபட்ட பிறகுதான் காந்தத் திசை எளிதில் புரளாத உறுதி வருகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது விண்கற்களிலுள்ள தெத்திராதேனைற்று. இரும்பும் நிக்கலும் சமமாகக் கலந்து இவ்வாறே அடுக்கடுக்காக அமைய வேண்டுமானால், வெப்பம் ஏறத்தாழ 320 பாகைக்குக் கீழே இருக்க வேண்டும். அந்த வெப்பத்திலோ அணுக்கள் நகர மனமில்லாமல் கிடக்கும். விண்வெளியில் பத்து இலட்சக்கணக்கான ஆண்டுகள் ஆறிய கல்லுக்கு மட்டுமே அந்தப் பொறுமை வாய்த்தது. உன் உலைக்கு ஒரு கிழமையே பெரிது.

தம்பி போன ஞாயிற்றுக்கிழமை புல்மோட்டையிலிருந்து ஒரு போத்தல் கறுப்பு மணல் கொண்டுவந்தான். அதைக் காகிதத்தில் பரப்பி, உடைந்த ஒலிபெருக்கியின் காந்தத்தைக் கீழே பிடித்தேன். ஒருசில மணிகள் முள்ளாக நிமிர்ந்தன. பெரும்பகுதி அசையவே இல்லை. அசையாததில் அதிகம் இல்மனைற்று, அதிலும் இரும்பு அடுக்கும் தைற்றேனியம் அடுக்கும் மாறி மாறி ஒழுங்காகவே இருக்கின்றன. அது ஒட்சைட்டு, உன் கலப்புலோகத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதே. நீ விடுமுறைக்கு வரும்போது பார்க்கலாம் என்று போத்தலை அலுமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறேன்.

சூடாக்கிய பொடி என்ன செய்தது என்று உடனே எழுது. ஒட்டினாலும் எழுது.

அன்புடன்,
அம்மா